பலூன் உடைக்கும் மாமனார்

பளார்.

இளவரசன் குனிவதற்குள் இரண்டாவது அறையும் விழுந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்த போன் சோபாவுக்கு அடியில் ஓடியது.

"அப்பா கையைத் தூக்கிட்டாருங்க," அடுப்படியிலிருந்து ஓடிவந்த அன்புச்செல்விக்குக் கண் கலங்கியது.

அவள் அப்பா அப்பாதுரை, முகத்தை மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்த வலது கைக்கு அதுதான் வைத்தியம். கண்ணாடிக்குள் பலூன் பறந்துவரும். அடித்து உடைக்க வேண்டும். பிசியோதெரபி செய்யும் கீர்த்தனா நேற்றுதான் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாள்.

"பலூன்னு நெனச்சுட்டேன் மாப்ள."

"பரவால்ல மாமா."

பரவாயில்லை என்றது வாய்தான். அந்தக் கை எழும்பினால், கீழ்பென்னாத்தூரில் நிற்கும் தன் டிராக்டரை அவரே ஓட்டக் கிளம்பிவிடுவார். சாயந்திரம் அதை விலை பேசி முடிக்க இந்த வேங்கிக்கால் வீட்டுக்கு ஆள் வருகிறது. விற்கும் விஷயம் மாமனாருக்குத் தெரியாது.

மறுபடி போன். தரகர் கோபி. இளவரசன் மாமனாரின் முதுகுப்பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ரொம்பக் கம்மியா கேக்காதப்பா. டயரெல்லாம் புதுசு."

பின்னோக்கி ஒரு வீச்சு. மூக்கு.

"இந்தப் பலூன் பின்னாடி வேற போவுது," என்று அப்பாதுரை முனகினார்.

காதில் விழுந்திருக்குமோ? கண்ணாடியில் சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கினான்.

"போதுமா மாமா?"

"காது கிழியுது மாப்ள."

நிம்மதியாகப் பேசினான். "சாவி எங்கிட்டதான் இருக்குது. அந்தக் கை இனிமே எங்க வரப்போவுது..."

இந்தமுறை கை தலைக்கு மேலே போய் இறங்கியது.

காதுக்குள் வண்டு பறந்தது. வாசலுக்கு நழுவியவனின் சட்டையை அன்புச்செல்வி பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஓடறீங்க? நீங்க பக்கத்துல நின்னாதான் அவருக்குக் கை வருது."

"வலிக்குதுடி."

"எங்கப்பா மருமகன் மேல கை வைக்கிற ஆளா? வெளையாட்டுல தெரியாம படுது. செத்த நில்லுங்க."

இளவரசன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, பட்டியை 'டக்'கென்று பூட்டினான். போன் அடித்தது.

"ஹலோ..."

கை நேராக வயிற்றைத் தேடி வந்தது.

அவன் மடங்கி உட்கார்ந்தபோது கதவு திறந்தது. மூச்சிரைக்க கீர்த்தனா. கையில் ஒரு வயர்.

"சாரிக்கா, சார்ஜரைக் குடுக்காம போயிட்டேன். நேத்து சாயந்திரமே கண்ணாடி சார்ஜ் எறங்கி சுத்தமா ஆஃப் ஆயிடுச்சே. இன்னிக்கு அப்பாவுக்குப் பயிற்சியே இல்லாம போயிருக்குமே?"