உச்சி வெயிலில் வந்தவன்

அரைகுறைப் படிப்பு தரும் தைரியத்தை முழுப் படிப்பு தருவதில்லை. சீனாவில் மருத்துவம் இரண்டாம் வருடம் முடித்து ஸ்ரீரங்கத்துக்கு விடுமுறையில் வந்திருந்த எனக்கு அந்தத் தைரியம் தலைக்கு மேல் இருந்தது.

அங்கே தூரிகை எழுத்தும் கற்றுக்கொண்டிருந்தேன் (ஒரு பரீட்சையில் கோட்டைவிட்ட துக்கத்தில் சேர்ந்தது, அம்மாவுக்குத் தெரியாது). மையும் காகிதமும் வீணாகாமல் பூங்காவின் கல்தரையில் தண்ணீரைத் தொட்டு எழுதிப் பழகுவோம். காய்ந்தால் போயிற்று. எல்லாக் கோடுகளும் அடங்கிய ஒரே எழுத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்கள். மேலே தனியாக ஒரு புள்ளி, கீழே இருபக்கமும் விரியும் கோடுகள்; அதற்கு ‘என்றென்றும்’ என்று பொருள்.

எங்கள் வாசலில் வழவழவென்று டைல்ஸ். பக்கத்து வீட்டு ஜெயா மாமியின் வாசலிலோ அகலமான கருங்கல். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வீதியே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது, அந்தக் கல்லில் ஆள் உயரத்துக்கு ஒன்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். (அனுமதி கேட்கவில்லை. வெறும் தண்ணீர்தானே!)

பத்து நாள் கழித்து மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“டாக்டருக்குப் படிக்கறவளாச்சேன்னு உன்கிட்ட சொல்றேன். உச்சி வேளைல எங்காத்து வாசல்ல ஒருத்தன் படுத்துண்டிருக்கான்டி. கறுப்பா, ஈரமா. தலை உடம்போட ஒட்டலை, தனியா மேல நிக்கறது. கையையும் காலையும் பரப்பிண்டு... மாமாவை எழுப்பிண்டு வரதுக்குள்ள கரைஞ்சு போயிடறான். முதல்ல தலை போறது. கால்தான் கடைசி.”

என் கையில் மயிர்க்கூச்செறிந்தது. ஈரம், தலை, கால் என்று அவர் அத்தனையும் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. எழுதிய மறு நிமிடமே வெயிலுக்குப் பயந்து ஓடிவிடுகிறவள் நான். அது காய்வதை நின்று பார்த்ததே இல்லை.

மாமி அழ ஆரம்பித்தார். மாமா பெங்களூரிலிருக்கும் மகனிடம் சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் வீட்டைப் பூட்டி இருவரையும் அழைத்துப்போக மகன் வருகிறானாம்.

“பெருமாளை விட்டுட்டு நான் எங்கடி போவேன்? நிஜமாவே எனக்குப் புத்தி பேதலிச்சுடுத்தா?”

நான் நாடி பிடித்துப் பார்த்தேன். கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன். பிறகு கனத்த குரலில், “மூளையில ஏதோ கோளாறு மாதிரி தெரியுது. ஸ்கேன் எடுத்துடுங்க மாமி” என்றேன்.

எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானோ பயத்தில் ஐந்து நாள் மத்தியானத்தில் வாசல் பக்கமே போகவில்லை, ஜன்னலைக்கூடச் சாத்திவைத்தேன். அந்த ஐந்து நாளும் அவன் வரவில்லை.

“மாத்திரை கேக்கறது! எல்லாம் நீ சொன்ன யோசனை” என்று மாமா என்னைப் பாராட்டினார். அடக்கத்தோடு தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். அம்மா தன் பங்குக்கு மாமியின் வியாதியையும் மகளின் மேதைமையையும் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆறாம் நாள், பேய் தீர்ந்தது என்ற துணிச்சலில் தூரிகையோடு போனேன். வீதியில் ஒரு காக்கைகூட இல்லை. என் நிழல்கூடக் காலுக்கடியில் ஒளிந்திருந்தது. கடைசிக் கோட்டை இழுத்து நிமிர்ந்தபோது கதவு திறந்தது. மாமி நின்றார். அவர் பார்வை என்மேல் இல்லை.

“வந்துட்டான்... உன் காலடில...”

குனிந்து பார்த்திருக்கலாம். நான் வீலென்று அலறி, மாமியையும் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டேன். இருவரும் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தோம். கல்மேல் கறுப்பாக, ஈரமாக, மாமி சொன்னபடியே கிடந்தான். தலை மெல்லச் சுருங்கி மறைந்தது. பிறகு ஒரு கை.

“பாத்தியா?” என்றார் மாமி. அவர் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

“பாத்தேன் மாமி” என்றேன். அதற்குப் பின் நான் அத்தனை பயந்ததில்லை. அப்போது என் கையிலிருந்த தூரிகையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் பாதத்தில் விழுந்தது.

“மாமி... அது நான் எழுதினது.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். மாமி தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். சத்தம் கேட்டு எழுந்து வந்த மாமாவிடம், “ஏன்னா, எனக்கு ஒண்ணும் இல்லே... எனக்கு ஒண்ணுமே இல்லே” என்று மூன்று முறை சொன்னார். வெட்கத்தில் அந்தத் தரையிலேயே கரைந்து போய்விடமாட்டோமா என்றிருந்தது எனக்கு.

பிறகு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை விட்டே பெங்களூருக்குப் போன் போடச் சொன்னார். மறுநாள் உச்சியில், அம்மா சொல்லிவைத்த நாலு வீட்டுக்காரர்களையும் மாமாவையும் வரிசையாக நிற்கவைத்து, எல்லோர் முன்னாலும் என்னை எழுதச் சொன்னார். செருப்புப் போட விடவில்லை. அது காயும்வரை ஒருவரையும் நகரவும் விடவில்லை. வீடு பூட்டப்படவில்லை.

இப்போது திருச்சி பாலக்கரையில் எனக்குச் சின்னதாக ஒரு கிளினிக். மாதம் தவறாமல் மாமி பி.பி. பார்க்க வருவார். காத்திருக்கும் நோயாளிகளிடம் எனக்குக் கேட்கும்படியே சொல்வார்:

“நம்பிக் காட்டிக்கோங்கோ. கைராசிக்காரி. வியாதியையும் இவளே குடுப்பா, ஸ்கேனுக்கும் இவளே எழுதுவா.”