தங்கச்சி மாப்பிள்ளையைத் தடுத்து நிறுத்திய ஆன்டிவைரஸ்

வீட்டில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால், அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று ஊருக்குக் காட்ட ஒரு கல்யாணம் தேவைப்படும். எங்கள் வீட்டில் அதற்கு உதவியது என் தங்கை ஜெனிபாவின் கல்யாணம்.

நாகர்கோவிலில் மீன்வலை ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் சிஸ்டம் அட்மின். (பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் இழுத்து எடுப்பதும் நான்தான்.) கம்பெனிக்குச் சொந்தமாக மெயில் சர்வர் உண்டு. அதைப் பற்றி எங்கள் கடற்கரை ஊர் முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை சகாயத்துக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணத்துக்கு முன் எங்கள் கோவிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்ற அறிவிப்பு அது. வெளிநாட்டில் இருக்கும் பையன் என்றால், அங்கே அவன் யாரையும் கட்டவில்லை என்று அந்த ஊர்க் கோவிலிலிருந்து சான்று வர வேண்டும். மாப்பிள்ளை கைவழியாக வந்தால் செல்லாது, கோவிலே நேராக அனுப்ப வேண்டும் என்று எங்கள் கோவில் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் கோவில் அலுவலக மெயிலின் பாஸ்வேர்டு ஒருவருக்கும் நினைவில்லை.

"எனக்க ஆபீசு மெயிலுக்கு வரட்டும் சாமி. சொந்த சர்வராக்கும்!" என்றேன்.

அந்த 'ஆக்கும்' இன்னும் என் காதில் கிடந்து ஒலிக்கிறது. அன்றைக்கு மறுநாளே, சான்று பத்திரமாக வந்து சேர வேண்டுமே என்று, சர்வரில் புதிதாக ஒரு ஆன்டிவைரஸைப் போட்டேன். இதைச் சோதிக்கவா, அதைத் தடுக்கவா என்று அது கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆமாம்' கொடுத்தேன். பாதுகாப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது பாருங்கள்.

சான்று வரவில்லை. "அனுப்பியாச்சு மச்சான், கோவில்ல கேட்டாச்சு" என்றார் சகாயம் போனில். மறுபடி அனுப்பச் சொன்னேன். அதுவும் வரவில்லை. முதல் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு நெருங்கிவிட்டது.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏலே ஆன்றோ, அவன் அங்க வேற எவளையும் கெட்டி வச்சிருக்கானோ? அதாக்கும் கோவில்ல எழுதிக் குடுக்காம இருக்காவ!"

அம்மா அழ ஆரம்பித்தாள். ஜெனிபா சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அண்ணன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறேன்? போனை எடுத்தேன்.

"இஞ்ச பாரும், எங்க சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உம்மகிட்டதான். அங்க குடும்பம் ஏதும் வச்சிருந்தா இப்பமே சொல்லிரும்!"

"மச்சான், நான் ஏழு பேருகூட ஒரே ரூம்ல கிடக்கேன். குடும்பத்த எங்க கொண்டு வைக்க?" என்றார். பிறகு குரல் மாறியது. "உங்களுக்கு என்னைய பிடிக்கலேன்னா நேரா சொல்லுங்க. இப்பிடி அசிங்கப்படுத்தாதீங்க." வைத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீஸில் முதலாளி என் தோளில் தட்டினார். "நீ அந்தப் புதுசு போட்டதிலேருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் மெயில்கூட வரல்ல, கேட்டியா? கெட்டிக்காரன்லே நீ!"

இழவு விழுந்த மாதிரி இருந்த வீட்டில் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். (அடிக்காமல் விட்டார்களே!) அழுது வீங்கிய கண்ணோடு ஜெனிபா தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, கம்ப்ளெய்ன்ட் வரல்ல, சரி. வேற மெயில் ஏதாவது வந்துதா?"

நான் பைக் சாவியைத் தேடினேன்.

ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தால், கம்பெனிக்கு வந்த அத்தனை மெயிலும் ஆன்டிவைரஸின் சிறையில் கிடந்தன. சர்வர் ஒவ்வொரு மெயிலையும் வாங்கி ஒரு ஃபோல்டரில் இறக்கிவைக்க, உரியவருக்குப் போகும் முன் இது பின்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்த ஃபோல்டரைத் தொடாதே என்று முதலிலேயே அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். நான்தான் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொன்ன ஆளாயிற்றே. அந்தக் குவியலுக்குள் மஸ்கட் கோவில் திரும்பத் திரும்ப அனுப்பிய சான்றும் இருந்தது. சகாயத்துக்கு எந்தத் தடையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே சிவப்பில் ஆன்டிவைரஸின் தீர்ப்பு: சந்தேகத்துக்குரியது.

ஞாயிறு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. (திங்கட்கிழமை புகார்கள் மொத்தமாக வந்து விழுந்தபோது முதலாளி அந்தக் கெட்டிக்காரனைத் தேடினார். அது வேறு சங்கதி.) மன்னிப்புக் கேட்க நான் கூப்பிட்டால் சகாயம் எடுக்கவில்லை. ஜெனிபா கூப்பிட்டதும் எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"தாலிகெட்டு முடியட்டும் மச்சான், உம்மள வச்சுக்கிடுதேன்" என்றார், போன் என் கைக்கு வந்ததும்.

சொன்ன சொல் தவறாத மனிதர். கல்யாணம் முடிந்து, இப்போது அவரும் ஜெனிபாவும் ஊருக்கே வந்து வீடு கட்டி இருக்கிறார்கள். நான் போய் மணி அடித்தால், கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டுவார்.

"சான்று இருக்கா மச்சான்?"

"இல்ல."

"அப்பம் நில்லும். ஸ்கேன் ஆகட்டும்."

கதவு சாத்தப்படும். கையில் பழப்பையோடு நான் வாசலில் நிற்பேன். போகிற வருகிற ஆட்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாரும் என்ன ஏதென்று கேட்பதில்லை. "அண்ணன உள்ள விடுங்க, பாவம்!" என்று உள்ளேயிருந்து ஜெனிபா சொல்வாள். சொல்லும்போதே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு கேட்கிறவரைக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நான் நிற்கத் தயார்.