ஆரணிக்கு வந்த அமெரிக்கக் கடிதம்

சந்தோஷத்தில் இருப்பவருக்குப் படிக்கத் தெரியாது. வேதியியலில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் தெரியாது. இதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டாம், நானே இருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை எங்களுடையது. அப்பாவின் கைகள் முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். (அவர் சோறு பிசைவதைப் பார்த்தே அந்த வாரம் ஊரில் எந்தக் கலர் புடவை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.) ஒரே அண்டாவில் போட்ட இரண்டு நூலில் ஒன்றில் சாயம் ஏறுகிறது, இன்னொன்றில் ஏன் ஏறவில்லை என்று சிறுமியாகக் கேட்க ஆரம்பித்தவள், கேட்டுக்கொண்டே வேலூரில் எம்.எஸ்ஸி. வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் ஆராய்ச்சி செய்ய அமெரிக்காதான் சரி என்று முடிவு செய்தேன்.

என் பேராசிரியர் நிதானமான மனிதர். நாலைந்து இடங்களுக்கு விண்ணப்பம் போடச் சொன்னார். பெரிய பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எடுப்பார்கள், உதவித்தொகையோடு என்றால் இன்னும் குறைவு, அதனால் பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, கட்டாயம் கிடைக்கும் என்கிற இடம் ஒன்று என்று போடுவதுதான் வழக்கம் என்றார். எனக்கு அது கோழைகளின் வழக்கமாகத் தெரிந்தது. அமெரிக்காவிலேயே நுழைவது மிகக் கடினம் என்று பேர் வாங்கிய ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போட்டேன். (அந்தப் பெண்ணை இப்போது எங்காவது பார்த்தால் கூப்பிட்டுவைத்து இரண்டு வார்த்தை சொல்வேன்.)

டிசம்பர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. கெட்டியான வெள்ளைத் தாள், மேலே முத்திரை. முதல் வரியில் மூன்று சொற்கள் என் கண்ணில் பட்டன: 'ப்ளீஸ்ட்', 'அட்மிஷன்', 'ரிசீவ்ட்'. மகிழ்ச்சி, சேர்க்கை, கிடைத்தது. நடுவில் இருந்த சொற்களை என் ஆசை நிரப்பிக்கொண்டது. கிடைச்சிடுச்சு என்று நான் போட்ட கூச்சலில் பட்டறையிலிருந்து அப்பா ஈரக் கையோடு ஓடி வந்தார். கீழே இன்னொரு பாரா இருந்ததைப் பார்த்தேன். ஏதோ சம்பிரதாயமாக எழுதியிருப்பார்கள், அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அம்மா கடிதத்தை வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். சாமிக்கு வைத்ததை எடுத்துப் படிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்துப் படிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். நூல் வாங்க வரும் முள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர், கனடாவில் இருக்கும் தன் மச்சானுக்கு ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். அமெரிக்காவில் இறங்கினால் பக்கம்தானே என்றார். நான் சரி என்றேன். அப்போது யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் சேத்துப்பட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பையன் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அமைதியான முகம். புகைப்படத்தை அம்மா பத்து தரம் பார்த்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் பதினொரு தரம் பார்த்தேன். அப்பா அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, பொண்ணு அமெரிக்கா போகிறாள், நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாதக் கடைசியில், கடிதம் வந்து சரியாக மூன்று வாரம் ஆனபோது, எங்கள் தெரு இளைஞர்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மேளம், மாலை, மைக். நான் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண்களைப் பார்த்து, வாய்ப்பு என்பது தானாக வருவதில்லை, நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்றேன். பேராசிரியரின் எச்சரிக்கையைச் சொல்லி, அதை நான் எப்படி மீறினேன் என்பதையும் விளக்கினேன். ஒரு சின்னப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

என் பேச்சு முடிந்ததும் சிறப்பு விருந்தினரை அந்தக் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்லும்படி கேட்டார்கள். அவர் பேர் விமலா. ஆரணிக்குப் புதிதாக வந்திருந்த வங்கி அதிகாரி, மெட்ராஸ்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அம்மா கடிதத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். விமலா முதல் வரியை ஆங்கிலத்தில் கணீரென்று படித்தார். கைதட்டல். இரண்டாவது பாராவுக்குப் போனார். குரல் நின்றது. கண்கள் மட்டும் கீழே ஓடி, மறுபடி மேலே வந்தன. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. பக்கத்தில் நடப்பவர் பள்ளத்தில் காலை வைக்கப்போகும்போது நாம் பார்ப்போமே, அப்படி இருந்தது.

பிறகு மைக்கில் தமிழில் சொன்னார்: "இந்தப் பொண்ணோட விண்ணப்பம் அவங்களுக்குக் கிடைச்சிருக்கு. அதை மகிழ்ச்சியோட தெரிவிக்கிறாங்க. ரொம்ப கவனமா பரிசீலிக்கப் போறதா எழுதியிருக்காங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்குக் கூட்டம் அதற்குத்தான் மிகப் பலமாகக் கை தட்டியது. இருநூறு பேரில் அதை ஒழுங்காகக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

விழா முடிந்ததும் விமலா என்னைப் பள்ளிக்கூடத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கடிதத்தைக் கையில் கொடுத்தார். விண்ணப்பம் கிடைத்தது, கவனமாகப் பரிசீலிப்பார்கள். மூன்று சிபாரிசுக் கடிதங்களில் இரண்டுதான் வந்திருக்கிறது. மூன்றாவது ஜனவரி பதினைந்துக்குள் வராவிட்டால் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவ்வளவுதான் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் ஆங்கிலம். நான் அழ ஆரம்பித்தேன்.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. லெட்டருக்குத்தான் நேரம் இல்ல. முதல்ல அதைப் பாருங்க" என்றார் விமலா.

வீட்டுக்கு வந்து, மாலையைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன். அன்று அவர் கை கிளிப்பச்சை. சாமந்தி மாலைக்கு முன்னால் அந்தப் பச்சைக் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். சேத்துப்பட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பியது அவர் நினைவுக்கு வந்திருக்கும். அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கேட்டார்.

"அப்ப வேணாம்னு சொல்லல இல்ல?"

"இல்லப்பா."

"அப்பறம் இன்னாத்துக்கு அழுதுகினு நிக்கற? ஜல்தியா அந்த லெட்டர் போற வழியப் பாரு."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் வேலூர் போனோம். மூன்றாவது கடிதத்தை எழுத வேண்டிய இன்னொரு பேராசிரியர், நான் நினைவுபடுத்துவேன் என்று காத்திருந்தாராம். நானோ அவர் எப்போதோ அனுப்பிவிட்டார் என்று இருந்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுத்தார். தபாலாபீஸில் அப்பா அந்த உறையை ஒரு குழந்தையை ஒப்படைப்பதுபோல் ஜன்னலுக்குள் நீட்டினார்.

ஊர் திரும்பியதும் அப்பா செய்த காரியம்தான் எனக்குத் தாங்கவில்லை. பட்டறைக்கு வந்தவர், டீக்கடையில் பார்த்தவர் எல்லோரிடமும் தானே போய்ச் சொன்னார்: "லெட்டரத் தப்பாப் படிச்சிட்டோம்ங்க. சீட்டு இன்னும் கெடைக்கல."

படிச்சிட்டோம். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடவும் வராது.

ஆனால் ஊர் நம்பவில்லை. பாங்க் ஆபீசரம்மாவே மைக்கில் படித்தார்களே, கண்ணு பட்டுவிடும் என்று மனிதர் மறைக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போன அம்மாவிடம், "அங்க போய் குளிர்ல நடுங்கட்டும்னா சொல்ற? வச்சிக்க" என்று பக்கத்து வீட்டு அம்மா கோபித்துக்கொண்டாராம். முள்ளிப்பட்டுக்காரர் ஊறுகாயைக் கொண்டுவந்தே வைத்துவிட்டார். (ஏப்ரலில் நாங்களே சாப்பிட்டோம். கைப்பக்குவம் தெரிந்த குடும்பம்.)

மார்ச்சில் பதில் வந்தது. எல்லாப் பாராவையும் மூன்று தரம் படித்தேன். விமலாவையும் படிக்கவைத்தேன். மூன்றாவது கடிதம் தேதிக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அது தாமதமாகியிருந்தால் ஆயுளுக்கும் தபால்துறையைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியை அவர்கள் எனக்குக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இடமில்லை என்றிருந்தார்கள்.

அப்பா கேட்டார், "அமெரிக்கா முச்சூடும் அந்த ஒரு காலேஜ்தானா இருக்குது?"

இல்லை என்று எனக்குத் தெரியும். தன் தம்பிக்கு நாலு இடத்துக்குப் போட்டு நாலாவதில்தான் கிடைத்தது என்று விமலாவும் சொன்னார். அடுத்த வருஷம் வேறு நாலு இடங்களுக்கு நான் போட்டிருக்கலாம். போடவில்லை. முதல் இடத்தில் வேண்டாம் என்று தள்ளப்பட்டவளுக்கு இரண்டாம் இடம் எதற்கு என்று ஒரு வீம்பு. வாய்ப்பு குறைவு என்று பேராசிரியர் சொன்னதைக் கேட்காதது ஒரு தப்பு. வாய்ப்பு இன்னும் இருக்கிறது என்று அப்பா சொன்னதைக் கேட்காதது அதைவிடப் பெரிய தப்பு. ஆங்கிலம் தெரியாத அவருக்கு அது புரிந்திருந்தது.

மெட்ராஸில் ஆராய்ச்சி செய்யப் போனேன். நாலைந்து வருஷம் ஊர்ப்பக்கம் அதிகம் வரவில்லை. அதுவே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பி வந்தபோது ஆரணியைப் பொறுத்தவரை நான் அமெரிக்காவில் படித்து முடித்தவள். சேத்துப்பட்டு வாத்தியாருக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள். எனக்கும் பிறகு கல்யாணமாகி, ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்று, வீட்டுக்காரரோடு ஆரணியில் அப்பாவின் இதே வீட்டுக்கு வந்துவிட்டேன். எத்தனையோ முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு இன்றும் அமெரிக்கா வீடு என்றுதான் பேர். இந்த வீட்டிலிருந்து ஒருவரும் இலங்கைக்குக்கூடப் போனதில்லை.

போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், பால் காய்ச்சிய கையோடு சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். தெருவில் சொல்லியிருக்கிறார்கள்.

"அமெரிக்காவுல எத்தினி வருஷம்மா இருந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

உள்ளே என் வீட்டுக்காரர் பேப்பரை மடிப்பது கேட்டது. என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை.

"மூணு வாரம்மா" என்றேன்.