பாதிக்கு மேல் கையெழுத்து

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" குழந்தையின் மார்பிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தபடி டாக்டர் கேட்டார்.

"யாருமில்ல டாக்டர். போமி வயித்துல இருக்கும்போதே இவர் விட்டுட்டார்," என்றாள் ஹேரின். டோங்வுக் பக்கத்தில் பவ்யமாகத் தலையாட்டினான்.

"அப்போ புகை வெளியிலேருந்துதான் வருது. நாலு மாசக் குழந்தை. இன்னொரு தடவை மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

அன்றே ஹேரின் லிஃப்டில் காகிதம் ஒட்டினாள். 'மாடிப்படியில் புகைப்பவருக்கு: எட்டாம் மாடியில் கைக்குழந்தை இருக்கிறது.' மறுநாள் அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'மன்னிக்கவும். இனி கார் நிறுத்துமிடத்துக்குப் போகிறேன்.'

தள்ளுவண்டியோடு கார் நிறுத்துமிடத்தில் இறங்கினால் அங்கே புகை மேகமூட்டம்.

குடியிருப்பில் பாதிக்கு மேல் வீடுகள் கையெழுத்திட்டால் மாடிப்படி, லிஃப்ட், கார் நிறுத்துமிடம் எல்லாமே புகையில்லா இடம், மீறினால் அபராதம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஹேரின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். முதல் கையெழுத்து டோங்வுக்குடையது. இரண்டே வாரத்தில் போர்டு மாட்டினார்கள்.

மூன்றாம் நாள், கீழ்வீட்டிலிருந்து குழாயில் ஏறிய புகை குளியலறைக் கூரையின் காற்றுத் துளை வழியாக இறங்கியது.

"வீட்டுக்குள்ள பிடிச்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றார் நிர்வாக அலுவலகத்துக்காரர். "வேணும்னா அறிவிப்பு செய்யறோம்."

செய்தார்கள். எல்லா வீட்டுச் சுவர் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் அலற, அப்போதுதான் தூங்கிய போமி வீறிட்டாள். புகை மட்டும் அசையவில்லை. துளையை டேப் போட்டு அடைத்தாள். சமையலறைப் புகைபோக்கி வழியாக வந்தது.

சனிக்கிழமை காலை போமிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டோங்வுக் குப்பையைப் பிரித்துப் போடக் கீழே போயிருந்தான். ஃபோனை எடுக்கவில்லை. கீழ்வீட்டில் போய்க் கேட்டுவிடுவதென்று ஹேரின் முடிவு செய்தாள். ஆனாலும் கீழ்வீட்டுக்கு வெறுங்கையோடு சண்டைக்குப் போவது எப்படி? அரிசிக் கேக் டப்பா ஒரு கையில், குழந்தை மறு கையில், ஏழாம் மாடிக்கு ஓடினாள்.

கதவைத் திறந்த நடுவயதுப் பெண்ணுக்கு முன்னால் புகை வெளியே வந்தது.

"நான் மேல்வீடு. குழந்தைக்கு மூச்சு இழுக்குது. கையெடுத்துக் கும்பிடறேன், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

அந்த அம்மாள் ஜன்னல்களைத் திறக்க ஓடினாள்.

"நான் மட்டும் சுகமாவா இருக்கேன்? எங்க வீட்டுக்காரர் கீழ நின்னு பிடிச்சுக்கிட்டிருந்த மனுஷன். போர்டு மாட்டினதுலேருந்து எங்க பாத்ரூம்தான். போதாததுக்குக் கூட்டாளியையும் கூட்டிட்டு வந்துடறார்."

சொன்னவள் குளியலறைக் கதவை ஓங்கித் தட்டினாள்.

"போமி அப்பா, அதை அணைச்சிட்டு வெளிய வாங்க. உங்க வீட்லேருந்து வந்திருக்காங்க."