வேங்கைராயன் பேரரசும் மாசிலாமணியின் தொண்டையும்

ஒரு காட்டில் பட்டா, சிட்டா என்று எதுவும் கிடையாது. அங்கே மூத்திரம்தான் பத்திரம். எந்த மரத்தில் எவன் வாசனை அடிக்கிறதோ, அந்த மரம் அவனுடையது.

வேங்கைராயன் என்ற புலிக்கு முதலில் ஒரு பாறையும் இரண்டு புங்கமரமும்தான் இருந்தன. ஒருநாள் ஏதோ ஆசையில் ஒரு முழுத் தர்ப்பூசணியைத் தின்றுவிட்டான். பொழுது சாய்வதற்குள் பதினாறு மரங்கள் அவன் வசம் வந்துவிட்டன. இதைத்தான் காட்டு வரலாற்றாசிரியர்கள் 'மாபெரும் எழுச்சி' என்று எழுதினார்கள்.

அதன்பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. வாசனை பத்து நாள்தான் தாங்கும். அதற்குள் எல்லை முழுவதையும் மறுபடி நனைத்தாக வேண்டும். நனைப்பதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிப்பதற்குக் குட்டை வேண்டும். குட்டையைப் பிடித்தால் எல்லை நீளும். எல்லை நீண்டால் இன்னும் குடிக்க வேண்டும். இப்படிக் குடித்துக் குடித்தே மூன்று மலைகளைப் பிடித்தான். ஒருமுறை, வேலைப்பளு தாங்காமல், கிழக்கெல்லையை நனைக்க ஒரு சிறுத்தையைத் தளபதியாக அனுப்பினான். மறுநாள் கிழக்கு முழுவதும் சிறுத்தை வாசனை அடித்தது. அவனைத் துரத்திவிட்டு அரசனே மறுபடி ஓடினான். வேட்டைக்கு நேரமில்லை, தூக்கத்துக்கு நேரமில்லை. மூன்று மலைகளை ஆண்டவனுக்கு ஒரு கால் எப்போதும் தரையில் படவே இல்லை.

அந்தப் பேரரசின் தெற்கு மூலையில் ஒரு சின்னக் குட்டை. அதில் மாசிலாமணி என்ற தவளை குடியிருந்தான். கோடைமழையில் அவன் மனைவி முட்டையிட்டுவிட்டு வேறு குட்டைக்குப் போய்விட்டாள்; தவளைக் குலத்தில் அது வழக்கம். முந்நூறு தலைப்பிரட்டைகள் அவன் பொறுப்பில் இருந்தன. கால் முளைக்கும்வரை அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். அரசனோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து குடித்துவிட்டுப் போனான். ஒவ்வொரு முறையும் குட்டை ஒரு விரற்கடை இறங்கியது.

மாசிலாமணி மனுவோடு எல்லை ஈரப் பராமரிப்புத் துறைக்குப் போனான். எருமைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, இரண்டு முறை மிதிபட்டு, மூன்றாம் நாள் மேசைக்கு வந்து சேர்ந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் செயலாளர் நரி பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தார்.

"குடும்பத்துல எத்தனை பேருங்க?"

"முந்நூத்தி ஒண்ணு."

"மொத்தக் கால் எத்தனை?"

"நாலு. எனக்கு மட்டும்தான்."

நரி பேனாவை மூடினார். "படிவத்தைப் பாருங்க. கால் உள்ளவங்கதான் குடிமக்கள். கால் இல்லாம வால் மட்டும் இருந்தா அது மீன். மீன் துறைக்குப் போங்க."

"அய்யா, அதுங்க தவளைங்க! கால் முளைக்கிற வரைக்கும்தான் தண்ணி கேக்குறேன்."

"முளைச்சதும் கூட்டிட்டு வாங்க. உடனே முடிச்சுத் தர்றேன்."

"தண்ணி இல்லாம எப்படி முளைக்கும்?"

"அது முளைக்கிற துறை. நம்மகிட்ட இல்லை."

மாசிலாமணி மனுவைக் கிழித்தெறிந்துவிட்டு, குட்டைக்கரைக் கல்லில் ஏறி நின்று கத்தத் தொடங்கினான். "பேரரசு ஒழிக! குட்டை குட்டைக்காரருக்கே!" முதல் நாள் நாலு தவளைகள் கூட நின்றன. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் கத்துவதை நிறுத்தவில்லை.

பக்கத்து வளை நண்டு தினமும் தலையை நீட்டிக் கேட்டது: "என்ன தோழர், புலி பயந்துருச்சா?"

"வரலாறு பதில் சொல்லும்டா!"

"வரலாறு எப்ப வரும்? சொன்னா வளையைக் கூட்டி வைப்பேன்."

நரி ஒருநாள் அந்த வழியாகப் போனார். "தவளை தன் வாயால் கெடும்னு கேள்விப்பட்டதில்லையா, மாசிலாமணி?" என்றார். அதற்கும் சேர்த்துக் கத்தினான்.

நாற்பதாம் நாள் குட்டையில் ஒரு விரற்கடை தண்ணீர்தான் மிச்சம். தலைப்பிரட்டைகள் சேற்றில் வயிறு தேயக் கிடந்தன. மாசிலாமணி கல்லில் ஏறி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது. அவன் கல்லிலேயே உட்கார்ந்து அழுதான். சத்தமில்லாமல்தான் அழ முடிந்தது.

அன்று மத்தியானம் மழை பெய்தது. ஒன்பது நாள் முன்னதாக வந்த பருவமழை. ஒரே மழையில் மூன்று மலைகளின் எல்லையும் கழுவிக்கொண்டு போனது. வேங்கைராயன் கொட்டும் மழையில் மரத்துக்கு மரம் ஓடிக் காலைத் தூக்கினான். ஒரு சொட்டுகூட வரவில்லை. நாலாவது மரத்தடியில் காலைக் கீழே வைத்து, "அப்பாடா" என்றான். பேரரசு முடிந்தது.

குட்டை நிரம்பியது. தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது. காட்டில் குடியரசு வந்தது. புதிய அரசின் செயலாளராக நரி பஞ்சாட்சரம் அனுபவத்தின் அடிப்படையில் நியமிக்கப்பட்டார். அவர் முதலில் செய்த வேலை, வீழ்ச்சிக்கான காரணத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அறிக்கை சொன்னது இதுதான்: 'தோழர் மாசிலாமணி முப்பத்தொன்பது நாள் கத்தினார். பேரரசு அசையவில்லை. நாற்பதாம் நாள் வாயை மூடினார். பேரரசு கவிழ்ந்தது.'

யாராலும் மறுக்க முடியவில்லை. தேதிகள் சரியாக இருந்தன.

குட்டைகளில் கத்துவதற்குத் தடை வந்தது. தியாகியின் வழி நடப்பவர் குடும்பத்துக்கே குட்டை உரிமை என்று ஆணையும் வந்தது. வெற்றிவிழா மேடையில் மாசிலாமணிக்கு மாலை போட்டார்கள். அவன் தொண்டை தேறி ஒரு வாரம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதியோடுதான் வந்திருந்தான்.

நரி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இப்போது நம் விடுதலை வீரர் தோழர் மாசிலாமணி அவர்கள் சில வார்த்தைகள் பேசாமல் இருப்பார்!"

கைதட்டல் காட்டைப் பிளந்தது. மாசிலாமணி எழுந்து, தொண்டையை உப்ப வைத்தான். முன்வரிசையில் முந்நூறு பிள்ளைகள், ஆளுக்கு நாலு காலோடு, அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நரியின் கையில் அவர்களுடைய குட்டை உரிமைப் படிவம் இருந்தது. இன்னும் கையெழுத்தாகவில்லை.

உப்பிய தொண்டை மெதுவாக இறங்கியது.

அன்று அவன் பேசாத பேச்சைப் போல எந்தத் தலைவரும் பேசாமல் இருந்ததில்லை என்று நண்டு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீதி: பேரரசை வீழ்த்த விரும்புகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்து, சரியான நாளில் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும்.