டிராக்டர் வாங்கியது பற்றி ஒரு விளக்கம்

நம் மகளின் அம்மாவுக்கு, அவளுடைய அப்பா எழுதிக்கொள்வது:

இங்கு நான் நலம். வீடு நலம். தண்ணீர்த் தொட்டியும் நீ விட்டுப்போன அளவுக்கு நலம். அங்குள்ள நலம்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தொலைபேசியில் நீ பேசும்போதெல்லாம் இரட்டைப் பேரன்கள் முறை வைத்துக்கொண்டு அழுவதால் "ம்", "அப்புறம்", "வைக்கட்டுமா" ஆகிய மூன்று சொற்கள்தாம் என் காதுவரை வந்து சேர்கின்றன. அதனால்தான் கடிதம். அவர்கள் கையில் சிக்குவதற்குள் படித்துவிடு.

நான் பழைய டிராக்டர் ஒன்று வாங்கிய செய்தியை உன் தம்பி உனக்குச் சொல்லிவிட்டதாகவும், சொல்லும்போது "அக்கா, மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று தொடங்கியதாகவும் அறிகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் தர்க்கப்படிதான் நடந்திருக்கிறது. நீ மகள் வீட்டுக்குப் பஸ் ஏறும்போது "நீங்களும் வாங்களேன்" என்றாய். நான் "எனக்கு இங்க வேலை இருக்கு" என்றேன். பஸ் போய்விட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டதால் வீட்டுக்கு வந்து அந்த வேலையைத் தேட ஆரம்பித்தேன். நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனுக்கு வீட்டில் என்ன வேலை? புத்தக அலமாரியை எழுத்து வரிசைப்படி அடுக்கினேன். அது ஏற்கெனவே எழுத்து வரிசையில்தான் இருந்தது. இதற்கிடையில், உன்னை அங்கேயே இருந்துவிடும்படி மகள் கேட்கிறாள் என்றும், நீ யோசிக்கிறாய் என்றும் உன் தம்பி சொன்னான். நீ யோசிக்க ஆரம்பித்த எந்த விஷயமும் யோசனையோடு நின்றதில்லை. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அப்படித்தான் வந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு நின்றேன். நமது தரிசு நிலம் முழுவதும் களையாகக் கிடந்தது. ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே "இதெல்லாம் சூரியகாந்தியா இருந்தா எப்படி இருக்கும்" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு நிலம் நிறையச் சூரியகாந்தி காத்திருக்கும்போது எந்தப் பெண் மகளின் நான்காவது மாடி வீட்டில் குடியிருப்பாள்? சூரியகாந்திக்கு உழவு வேண்டும், உழவுக்கு டிராக்டர் வேண்டும். இதில் எந்த இடத்தில் எனக்கு என்னமோ ஆனது என்று உன் தம்பியிடமே கேட்டுச் சொல்.

வண்டி நம் கிணற்றடிக்கு அடுத்த தெருவில் இருக்கும் விவசாயியுடையது. நீ அவரைப் பார்த்திருப்பாய். ஊரில் எல்லோரும் 'டீசல்' என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டிவலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று விற்க முடிவு செய்திருந்தார், அதாவது அவருடைய மனைவி முடிவு செய்திருந்தார். விற்பனை இப்படி நடந்தது.

"சார், இதை வாங்காதீங்க" என்றார் டீசல். "காலையில கிளம்ப அடம் பிடிப்பான். எண்ணெய் ஒழுகுவான். மேட்டுல ஏறும்போது இருமுவான்."

"அவர் கிடக்கிறாரு, நீங்க பிடிங்க சாவியை" என்றார் அவர் மனைவி. "வண்டி தங்கமான வண்டி."

"தங்கம்னா எதுக்குடி விக்கச் சொல்ற?"

"உங்க முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்க நேரமில்ல, வண்டிக்குத் தினம் தேய்க்கிறீங்க. அதான்."

குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை, நம் மகள் பள்ளியில் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில் உன் முகத்தில் கண்டிருக்கிறேன். வாங்கிவிட்டேன். வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நிறுத்திவிட்டு இறங்க வெகுநேரம் ஆயிற்று. முட்டிவலி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் பயிற்சி. இங்கேதான் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். அவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லுவார். முதல் நாள் இருக்கையில் உட்காருவது எப்படி என்பது மட்டும். நான் உட்கார்ந்தேன். "இன்னைக்குப் போதும் சார்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த நாள் எண்ணெய் பார்ப்பது. அதற்கடுத்து கிளட்ச். பிறகு கியர், அதுவும் முன்னால் போகிற கியர் ஒரு நாள், பின்னால் போகிற கியர் இன்னொரு நாள். காலையில் வந்ததும் முதல் வணக்கம் வண்டிக்கு, இரண்டாவதுதான் எனக்கு. "ராத்திரி குளிர்ல கஷ்டப்பட்டியா?" என்று கேட்பார். "இல்லை, கம்பளி போர்த்திக்கொண்டேன்" என்று நான் இரண்டொரு தடவை பதில் சொன்னபிறகுதான் அந்த விசாரிப்பு எனக்கில்லை என்பது புரிந்தது. கிளப்பும் பாடம் வந்த நாள் வண்டி போட்ட சத்தத்தில் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க "சத்தம் போடாதீர்கள்" என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் நான் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

போன வாரம் ஒருநாள் அவரை மனைவி முட்டி வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்கு ஒரு வீரம் வந்தது. பாடங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன, உழுதுவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். கிளப்பினேன், கிளம்பியது. கலப்பையை இறக்கினேன், இறங்கியது. நிலத்தின் நடுவரை நேராகப் போய்த் திரும்புவதற்காகப் பிரேக்கை மிதித்தேன். இந்த வண்டிக்கு இரண்டு பிரேக் இருக்கிறதாம், இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று. இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்தால்தான் வண்டி நேராக நிற்கும். இது வரவேண்டிய பாடம். நான் ஒன்றை மிதித்ததும் வண்டி அந்தப் பக்கமாகச் சுழல ஆரம்பித்தது; காலை எடுத்தும் பிரேக் மேலே வரவில்லை. கியரை இழுத்தேன், அது இருமிக்கொண்டு அங்கேயே இருந்தது. கிளட்சை மிதித்தால் நிற்கிறது, ஆனால் மிதித்துக்கொண்டே இருக்க என் கால் ஒப்பவில்லை, எடுத்தால் புறப்பட்டுவிடுகிறது. சரி, சாவியை அணைத்துவிடலாம் என்று அணைத்தேன். அணையவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்தேன். சாவி என் கையில், வண்டி தன் வழியில். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் சாவியைப் பொருட்படுத்துவதில்லை என்றும், அதை நிறுத்த ஓரமாக ஒரு குமிழ் இருக்கிறது, இழுக்க வேண்டும் என்றும் பின்னால் தெரிந்தது. அதுவும் வரவேண்டிய பாடம்.

ஆகவே சுற்றினேன். வேலிக்கு அப்பால் பால்காரர் போனார். "நிறுத்தத் தெரியல!" என்று கத்தினேன். அவர் சைக்கிளை நிறுத்தி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "ஜோர் சார்!" என்று வாயசைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் கையை அசைத்தேன், வேறென்ன செய்ய. முதலில் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயம் போய், வட்டமும் பழகிப்போய், ஒவ்வொரு சுற்றிலும் நம் பின்கதவு கண்ணுக்கு எதிரே வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் நீ அங்கே நிற்கிறாயா என்று பார்த்தேன். நீ நின்றிருந்தால் முதலில் வாயைக் கையால் மூடுவாய். அப்புறம் தோள் குலுங்கும். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு "இறங்கி வாங்க, ஐயோ, இறங்கி வாங்க" என்பாய். சிரிக்க ஆள் இல்லாமல் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் முட்டாளாக இருப்பது? வண்டியில் டீசல் தீரும்வரை இருந்தேன்.

வண்டி நின்றபின் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் டீசல் வந்தார், கூடவே அவர் மனைவியும். நிலத்தின் நடுவில் நான் உழுதிருந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இன்னொரு கிணறா?" என்றார். பிறகு டாங்கைத் திறந்து பார்த்து முகம் சுண்டிப்போனார். டீசல் முழுதும் வற்றினால் குழாயில் காற்று ஏறிவிடுமாம். அதை வெளியேற்றினால்தான் வண்டி மறுபடி கிளம்பும். அவர் திருகாணியைத் தளர்த்த, நான் பம்பின் கையை அடித்துக்கொண்டே இருக்க, இருவர் கையும் எண்ணெயாயிற்று.

"அண்ணே, நிறுத்துறதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதையும் சொல்லிட்டா அப்புறம் எனக்கு என்ன சார் வேலை இங்க?"

அதற்குப் பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "பாத்தீங்களா? ஒரு இரும்பைப் பாக்க இவரு நொண்டிக்கிட்டுத் தினம் நடந்து வர்றாரு. நீங்க என்னடான்னா பொண்டாட்டியப் பாக்க பஸ் ஏறாம, இந்த இரும்ப வாங்கி வச்சுக்கிட்டுச் சுத்துறீங்க. ரெண்டு பேருக்கும் மண்டையில காத்துதான் ஏறியிருக்கு."

அந்த அம்மாவுக்குத் தர்க்கம் பழக்கமில்லை என்பதால் இதை நான் பொருட்படுத்தவில்லை. உனக்கும் சொல்லியிருக்க மாட்டேன். விவரம் விடுபடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆகவே நீ அவசரப்பட வேண்டியதில்லை. நிதானமாக யோசி. இங்கு எந்தக் குறையும் இல்லை. செய்தித்தாளில் வரும் பிழைகளை மட்டும் வாசித்துக் காட்ட ஆளில்லாததால், வட்டமிட்டு உன் நாற்காலியில் வைத்து வருகிறேன். நாற்காலி நிறைந்து, இப்போது நீ வந்தாலும் உட்கார இடமில்லை. குமிழை இழுக்கும் பாடமும் முடிந்துவிட்டது. இனி நானே உழுவேன், நானே விதைப்பேன். எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை இருக்கிறது. ஆகையால் அங்கு வருவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பூத்தபின் தகவல் அனுப்புகிறேன், நீ வந்து பார்.

மகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரன்களுக்கு ஆளுக்கொரு முத்தம். அடையாளம் தெரியாமல் இரண்டையும் ஒருவனுக்கே கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
முழு நேர விவசாயி

பி.கு.: உறையில் போடுமுன் இதை எழுதுகிறேன். மேலே உள்ளதில் தர்க்கம் என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அடித்துப் படித்துக்கொள். இன்று காலை டீசல் மனைவியோடு வந்தபோது சாவியை அவர் கையில் வைத்து, வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், நிலத்தையும் நீங்களே பயிர் செய்யுங்கள் என்றேன். உடனே ஏறி உட்கார்ந்தார்; முட்டிவலி அப்போது எங்கே போயிற்றோ. அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீ எவ்வளவு நாள் யோசிக்க வேண்டுமோ அவ்வளவு நாளும் பக்கத்திலேயே இருந்து யோசிக்கவிடுகிறேன். இடமில்லையென்றால் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், பேரன்கள் அழுதால் எழுப்பு. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிட்டால் பிரிக்க வேண்டாம். பிரித்துவிட்டாயென்றால், பிரிக்காதது போல இருந்துகொள். நான் வட்டமடித்த கதையை நேரில் சொல்லப் போகிறேன். முதன்முறை கேட்பதுபோலச் சிரிக்க வேண்டும்.