மேலோடை நாட்டு மூடிகள்

மலை ஒன்று, மலைக்குக் கீழே ஓடை ஒன்று, ஓடைக்கு இரண்டு கரை. மேல்கரையில் மேலோடை நாடு, கீழ்க்கரையில் கீழோடை நாடு. ஆளுக்கொரு ராஜா. இரண்டு ராஜாக்களுக்கும் சண்டை. எதற்காகத் தொடங்கியது என்று கேட்டால் அமைச்சர்களே தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

மேலோடை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போர் என்று வந்துவிட்டால் வீட்டுக்கொரு இட்லிப் பானை மூடி கேடயமாகப் போகும். நல்ல கனத்த பித்தளை மூடி. அந்த வீட்டு ஆண்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போவான். கல்யாணச் சீராக வந்த பாத்திரம் என்பதால் மூடியில் வீட்டுக்காரியின் பெயர் வெட்டியிருக்கும். மூடி திரும்பி வந்தால் ஆளும் வந்தான் என்று பொருள். ராஜாவின் பாட்டனார் இதை அரண்மனை வாசல் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்: ‘போர் முடிந்தால் மூடி வீடு சேரும். சேராவிடில் பெயருக்கு உரியவள் சென்று எடுத்துக்கொள்வாள். அவளை ஒருவரும் தடுக்கலாகாது.’

மருதாயியின் மூடியை அவள் புருஷன் சோலைமுத்து கொண்டுபோனபோது மகள் செவந்தி வயிற்றில் இருந்தாள். இப்போது செவந்தி ஓடிப் பிடித்து விளையாடுகிறாள். அப்பாவையும் பார்த்ததில்லை, இட்லியையும் பார்த்ததில்லை. மூடியில்லாத பானையில் இட்லி எப்படி வேகும்? நாடே கஞ்சி குடித்துக் கிடந்தது.

ஒருநாள் காலையில் பறையடிக்கும் கோலப்பன் தெருவுக்குள் வந்தான்.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று நல்ல நேரத்தில் போர் முடிந்துவிட்டது. வாசலில் வாழைமரம் கட்டி மகிழவும்.”

மருதாயி கட்டினாள். அன்று முழுக்கத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாழையிலை வாடித் தொங்கியது. யாரும் வரவில்லை. ஓடைப் பக்கமிருந்து மட்டும் ‘டமார், டமார்’ என்று பழைய சத்தம் வந்துகொண்டிருந்தது.

அடுத்த வீட்டுப் பேச்சிக்கு வாய் சும்மா இருக்காது. “முடிஞ்ச சண்டைக்கு இம்புட்டுச் சத்தமாடி? அப்ப முடியாத சண்டை எப்படி இருக்குமோ” என்று தெருவில் நின்று சொன்னாள்.

இந்தப் பேச்சு எப்படியோ அரண்மனைக்குப் போய்விட்டது. அங்கே அமைதி அமைச்சர் இருந்தார். அவர் போன வாரம் வரைக்கும் போர் அமைச்சர். ஆளும் அதே ஆள், நாற்காலியும் அதே நாற்காலி, பெயர்ப் பலகைக்கு மட்டும் புதுச் சாயம். அவர் தீர யோசித்து ஆணையிட்டார்.

“ஓடைப் பக்கம் கேட்பது இடியோசை. வேறு பொருள் கொள்வது ராஜ துரோகம்.”

இடி இடித்தால் மழை பெய்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே நாட்டில் நல்ல மழை என்று ஏட்டில் ஏறியது. நல்ல மழை என்பதால் ஏரி மதகை அடைத்தார்கள். வயல் வெடித்தது. மழைக்காலத்தில் குடையின்றி நடப்பது ஆணையை அவமதிப்பது என்றார்கள். மக்கள் கொளுத்தும் வெயிலில் தாழங்குடை பிடித்துக்கொண்டு, காய்ந்த வயலைப் பார்க்கப் போய்வந்தார்கள்.

எல்லையிலிருந்து வண்டி வண்டியாகக் காயம்பட்டவர்கள் வந்தார்கள். போர் முடிந்த நாட்டில் காயம் ஏது? அவர்கள் மழையில் வழுக்கி விழுந்தவர்கள் என்று அமைச்சர் விளக்கினார். வைத்தியசாலையில் ஈட்டிக் காயத்துக்குச் சுளுக்குத் தைலம் தேய்த்தார்கள்.

பேச்சியையும் விடவில்லை. நாற்சந்தியில் உச்சி வெயிலில் குடையோடு நிறுத்தி, “நனைகிறேன், நனைகிறேன்” என்று சொல்லச் சொன்னார்கள். அவளும் சாயங்காலம் வரை சொன்னாள்.

“தொண்டை கட்டிப்போச்சுடி” என்று வீடு திரும்பியவள் மருதாயியிடம் சொன்னாள். “மழையில நின்னா கட்டத்தானே செய்யும்.”

மருதாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போய், வண்டியில் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சோலைமுத்து இல்லை. அதற்குப் பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை.

சண்டை முடியவில்லை என்று சொன்னால் தண்டனை. முடிந்தது என்று சொன்னால் என்ன செய்வார்கள்? இந்த யோசனை அவளுக்குக் கஞ்சி கிண்டும்போது வந்தது. கரண்டியை வைத்துவிட்டு அரண்மனைக்குப் போனாள். குடையை மறக்கவில்லை.

“ஐயா, சண்டை முடிஞ்சுதுங்களா?”

“ஐயமே வேண்டாம், பெண்ணே. முற்றாக முடிந்துவிட்டது” என்றார் அமைச்சர்.

“சந்தோசங்க. அப்ப என் மூடி?”

“மூடிகள் எல்லையில் அமைதியைக் காத்துக்கொண்டிருக்கின்றன.”

“யாருகிட்டயிருந்துங்க?”

“எதிரியிடமிருந்து.”

“சண்டை முடிஞ்சப்புறமும் எதிரி இருக்கானுங்களா?”

அமைச்சர் அருகிலிருந்த எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கூரையைப் பார்த்தார்.

“அவன் எதிரியாக இருந்தவன். மீண்டும் எதிரி ஆகக்கூடியவன். தற்சமயம் எதிரியில்லாத எதிரி.”

“சரிங்க. வாசல் கல்லுல, மூடி வராட்டி நாங்களே போயி எடுத்துக்கலாம்னு பெரிய ராஜா வெட்டி வச்சிருக்காரு. போயிட்டு வந்துடறோமுங்க.”

அமைச்சருக்கு வேர்த்தது. போகக்கூடாது என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதை அவரே சொன்னால் அவரும் நாற்சந்தியில் நனைய வேண்டும்.

“அங்கே இடி மின்னல் அதிகம்” என்றார் கடைசியில், மெதுவாக.

“அதனால என்னங்க. குடை இருக்குது.”

மறுநாள் மருதாயி செவந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பேச்சி கூட வந்தாள். தெரு வந்தது, ஊர் வந்தது, பக்கத்து ஊர்களும் வந்தன. குடை குடையாக, சாலை நிறையப் பெண்கள். சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. அது இடியில்லை என்று மருதாயிக்குத் தெரியாதா? பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கால் மட்டும் நிற்கவில்லை.

எல்லையில் சேனாதிபதி குறுக்கே கையை விரித்தார். “நில்லுங்கள். இங்கே போர்...” என்று தொடங்கி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இங்க என்னங்க?” என்றாள் பேச்சி.

“இங்கே... மழை.”

“பெய்யட்டும்ங்க.”

சேனாதிபதி திரும்பி பீரங்கிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே திரியை அணைத்துவிட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவனுடைய அம்மா இருந்தாள், இன்னொருவனுடைய தங்கச்சி இருந்தாள்.

அப்போதுதான் எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்தார்கள். அங்கேயும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் சீர்த்தட்டோடு. கீழோடை ராஜாவும் போரை முடித்திருந்தாராம். அந்தச் சத்தம் கல்யாண வேட்டு என்று அங்கே ஆணையாம். அன்றாடம் பட்டுக் கட்டி மொய் வைக்கச் சொல்லி, அவர்கள் வீடு மொட்டையாகிவிட்டதாம். “கல்யாணம் எங்கன்னு பாத்துட்டுப் போக வந்தோம்” என்றாள் அங்கே முன்னால் வந்தவள்.

பெண்கள் மணலில் இறங்கி, சிப்பாய்களின் கையிலிருந்த மூடிகளைத் திருப்பிப் பெயர் பார்த்தார்கள். “அன்னக்கொடி”, “இது பேச்சி” என்று குரல்கள் எழுந்தன. மூடி கிடைத்தவள் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். மூடியில்லாமல் சண்டை போட யாருக்குத்தான் மனசு வரும்? வரிசை கரைந்துகொண்டே போனது.

மருதாயி கடைசி மூடிவரை பார்த்துவிட்டாள். அவள் பெயர் இல்லை.

ஓடை மணலில் அப்படியே நின்றாள். எதிர்க்கரையிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். கையில் ஒரு மூடி. அதில் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் ‘மருதாயி’ என்று நெளிந்தது.

“இது என் மூடி” என்றாள். “இது உங்க கைக்கு எப்படிங்கண்ணே வந்துச்சு?”

“கொஞ்சம் வழி விடும்மா. அந்தப் பூவரச மரத்தடியில உங்காளு ஒருத்தரு கால்ல காயத்தோட கெடக்காரு. தண்ணி கேட்டாரு. என் கேடயத்துல ஈட்டி பட்டு ஓட்டை. தண்ணி நிக்கல. அதான் அவருதையே வாங்கிட்டு வந்தேன்.”

மருதாயி அவருக்கு முன்னால் ஓடினாள்.

சோலைமுத்து மரத்தில் சாய்ந்து கிடந்தான். தொடையில் கட்டுப் போட்டிருந்தது. கீழோடைத் துணி. அவளைப் பார்த்தான், இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

“மழையில வழுக்கிட்டேன், மருதாயி.”

“பாத்து நடக்க வேண்டியதுதானே” என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள்.

மீசைக்காரர் இன்னொரு பக்கம் தோள் கொடுக்க, அவனை வீடு சேர்த்தார்கள். அன்று மேலோடை நாட்டில் மாவு ஆட்டாத வீடில்லை. மறுநாள் விடியலில் புளித்த மாவு வாசம் தெருவெல்லாம் நிறைந்தது. மருதாயியின் மூடி நெளிந்திருந்ததால் ஓரத்தில் ஆவி போனது. ஈரத்துணியைச் சுற்றிவிட்டாள். செவந்தி அடுப்படியில் உட்கார்ந்து மூடியையே பார்த்தாள்.

“உள்ள என்னம்மா?”

“பாரு, இப்பத் தெரியும்.”

அரண்மனையில் ராஜா மிகவும் மனம் நொந்திருந்தார். தான் முடித்த போரைத் தன்னைக் கேட்காமல் யாரோ முடித்துவிட்டார்கள். அமைதி அமைச்சர் பலகைக்கு மறுபடி சாயம் அடித்தார். கோலப்பன் பறையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது, இன்றுமுதல் புதிய போர். வீட்டுக்கொரு மூடி கொடுக்கவும்.”

மருதாயி வாசலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “தர்றோம்ணே. நாங்க என்ன மாட்டேன்னா சொல்றோம்? அடுப்புல இருக்குது. பாதியில தொறந்தா இட்லி கெட்டுப்போகும். வெந்ததும் வாங்கிட்டுப் போங்க.”

பேச்சி வீட்டிலும் இதே பதில். எதிர் வீட்டில் அப்போதுதான் இரண்டாம் ஈடு ஊற்றியிருந்தார்கள். கோலப்பன் மூக்கை உறிஞ்சினான். அவன் இட்லி தின்றும் வருஷக்கணக்காகிறது. பறையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மருதாயி வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“ஆணையில நேரம் எதுவும் போடலம்மா” என்றான். “நல்லா வேகட்டும்.”

மேலோடை நாட்டில் இட்லி இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கிறது.